சென்னைக்கு வர்ற எங்க ஊர்ப் பொம்பளைங்க தண்ணி குடிக்கிறதில்ல



ரெண்டு வாரமா இந்தப் பக்கம் வர முடியல. கோடை உழவு ஓட்டிப் போட்டாச்சு, விதை வெங்காயம் பட்டறையில கிடக்கு, ஆடிப்பட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கு. இந்த இடைவெளியிலதான் எங்களை மாதிரி ஆளுங்க கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரின்னு வெளியூர் கிளம்புவோம். நானும் கிளம்பினேன். அம்மாவையும், எட்டாவது போகப்போற மகளையும் கூட்டிக்கிட்டு மூணு நாள் சென்னையில இருந்துட்டு வந்தேன். கறவை மாடு ரெண்டு இருக்கறதால வீட்டுக்காரம்மா வரல. "நீங்க போயிட்டு வாங்க, மாட்டை யாரு பாக்கறது" அப்படின்னு ஒரே வார்த்தையில முடிச்சிருச்சு.

இதைப் படிக்கிற உங்கள்ல நிறையப் பேரு சென்னையில இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். எங்க ஊருப்பக்கம் வந்துட்டுப் போனா என்ன பாத்தோம், என்ன சாப்பிட்டோம், ரோடு எப்படி இருந்துச்சுன்னு எழுதறீங்க. இந்தத் தடவை நான் உங்க ஊரைப் பத்தி எழுதறேன். கோவிச்சுக்காம படிங்க. உங்க ஊர் குறையை மட்டும் சொல்லிட்டுப் போகப் போறதில்ல. என் குறையும் ஒண்ணு கடைசியில இருக்கு.

சென்னை எனக்குப் புதுசு இல்லைன்னு நான் ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருந்தேன். காரணம் வெங்காயம். 1996-ல இருந்து கோயம்பேட்டுல இயங்குற மார்க்கெட்டுக்கு எங்க பெரம்பலூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயம் போகுது. லோடோட நானும் ரெண்டு தடவை போயிருக்கேன். ராத்திரி ரெண்டு மணிக்கு இறங்கி, மூட்டை இறக்கி, விலை பேசி, விடியறதுக்குள்ள அதே வண்டியில திரும்பியாச்சு. கணக்குப் பாத்தா என் வெங்காயத்துக்குத்தான் சென்னை தெரியும். எனக்குத் தெரியாது.

இந்தப் பயணத்துக்குக் காரணம் அம்மா. வயசு எழுபத்திரண்டு. போன மாசியில திருச்சிக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு கண்ணுல புரை எடுத்தோம். கட்டுப் பிரிச்ச நாலாவது நாளு, திண்ணையில உக்காந்துக்கிட்டு, "டேய் தம்பி, கண்ணு தெரியறப்பவே கடலை ஒரு தரம் பாத்துடணும்டா" அப்படின்னுச்சு. சமயபுரம், பழனி, ஸ்ரீரங்கம் எல்லாம் பாத்த ஆளு. கடலை மட்டும் பாத்ததே இல்ல. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. நாப்பத்தாறு வயசு ஆவுது எனக்கு, ஒரு தடவைகூட இதை நான் கேக்கல, அதுவும் சொல்லல.

சித்தி மகள், அதாவது எனக்குத் தங்கச்சி முறை, ஊரப்பாக்கத்துல வீடு கட்டி வைகாசியில கிரகப்பிரவேசம் வச்சுச்சு. சரி, இதுதான் சாக்குன்னு கிளம்பிட்டோம். வியாழக்கிழமை கிரகப்பிரவேசம். வெள்ளிக்கிழமை ஊர் சுத்தறது. சனிக்கிழமை பஸ் ஏறறது. இதுதான் திட்டம்.

தெக்கத்தி பஸ்ஸுங்க இப்ப கிளாம்பாக்கத்தோட நின்னுடுது. 2023 டிசம்பர் 30-ந்தேதி திறந்த பஸ் நிலையம் அது. பழைய கோயம்பேடு மாதிரி ஊருக்கு நடுவுல இல்ல. அங்க இருந்து சென்னையோட மையத்துக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். எங்களுக்குத் தங்கச்சி வீடு பக்கத்துலயே இருந்ததால பிரச்சினை இல்ல. ஆனா ஆஸ்பத்திரிக்கோ கோர்ட்டுக்கோ மூட்டை முடிச்சோட வர்றவங்க, விடிகாலையில இறங்கி அங்க இருந்து ரெண்டாவதா ஒரு பயணம் போகணும். ஊர்ல இருந்து உங்களைப் பாக்க ஒருத்தர் வர்றாருன்னா, "பஸ் ஏறிட்டீங்களா"ன்னு கேக்கறதோட நிறுத்தாம, "இறங்கி எப்படி வருவீங்க"ன்னும் கேளுங்க. இப்ப அதுதான் முக்கியமான கேள்வி.

வெள்ளிக்கிழமை காலையில எட்டு மணிக்கு ஊரப்பாக்கத்துல மின்சார ரயில் ஏறினோம். இதை மனசாரப் பாராட்டணும். ஒரு டீ விலையில எழும்பூர் வரைக்கும் கொண்டுபோய் விடுது. கூட்டம்தான். ஆனா அம்மா ஏறின உடனே காதுல ஒயர் மாட்டியிருந்த ஒரு பையன் எந்திரிச்சு இடம் குடுத்தான். அம்மா ஜன்னலோரம். திரிசூலம் வந்தப்ப ரோட்டுக்கு அந்தாண்ட விமானம் ஒண்ணு தாழ இறங்குச்சு. "இது நம்ம காட்டு மேல போறப்ப கொக்கு மாதிரி இருக்கும், இங்க பாரு, அரிசி மில்லு அளவு இருக்கு" அப்படின்னு சத்தமா சொல்லுச்சு. பெட்டியில பாதிப் பேரு சிரிச்சாங்க. நல்ல சிரிப்புதான், கேலிச் சிரிப்பு இல்ல.

எழும்பூர்ல இறங்கி மியூசியத்துக்கு நடந்தோம். 1851-ல ஆரம்பிச்ச மியூசியம். அங்க இருக்கிற சோழர் காலத்து செப்புத் திருமேனிகளைப் பத்தி மகள்கிட்ட ஒரு வருஷமா சொல்லிக்கிட்டு இருந்தேன். திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரரும் திருவாலங்காட்டு நடராஜரும் அங்கதான் இருக்காங்க. போயி நின்னா, கேட்டு மூடியிருக்கு. வெள்ளிக்கிழமை அங்க வார விடுமுறையாம். எங்க ஊர்ல வெள்ளிக்கிழமைன்னா நல்ல நாளு, எதையும் தொடங்கலாம். அப்படி நெனச்சுக் கிளம்பினது என் தப்புதான். ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.

உங்க சொந்தக்காரங்களுக்குச் சொல்ல உதவும்னு எழுதறேன். எழும்பூர் மியூசியம் வெள்ளிக்கிழமை கிடையாது. வண்டலூர் பூங்கா செவ்வாய்க்கிழமை கிடையாது. கிண்டி சிறுவர் பூங்காவும் செவ்வாய்தான். மெரினா கலங்கரை விளக்கம் மேல ஏறணும்னா திங்கக்கிழமை போகாதீங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கிழமை. உள்ளூர்க்காரங்களுக்கு இது பெரிய விஷயம் இல்ல, இன்னைக்கு இல்லைன்னா அடுத்த வாரம். எங்களுக்கு அடுத்த வாரம் கிடையாது. அடுத்த கிரகப்பிரவேசம் வரணும்.

பத்தரை மணிக்குப் பசி. பக்கத்துல ஒரு ஓட்டலுக்குப் போனோம். கீழ வெறும் நின்னு சாப்பிடற மேசை. அம்மாவுக்கு நின்னுக்கிட்டுச் சாப்பிட்டுப் பழக்கமில்ல. "நின்னுக்கிட்டுத் தின்னா உடம்புல ஒட்டுமாடா" அப்படின்னுச்சு. மாடியில உக்காந்து சாப்பிடலாம், ஏசி, விலை வேற. சரின்னு ஏறினோம். மேசையில மெனு கார்டு இல்ல, ஒரு கட்டம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு. போன்ல படம் புடிச்சாத்தான் என்ன இருக்குன்னே தெரியும். மகள் இருந்ததால தப்பிச்சோம். நான் மட்டும் அம்மாவோட போயிருந்தா, "ரெண்டு இட்லி" அப்படின்னு எல்லா இடத்துலயும் இருக்கிறதைச் சொல்லிட்டு இறங்கியிருப்பேன்.

மகள் வெங்காய ஊத்தப்பம் வாங்குச்சு. நூத்துப் பத்து ரூபா. நான் கிலோ இருபத்திரண்டு ரூபாய்க்குக் குடுத்த வெங்காயத்துல அதுல கைப்பிடி அளவு இருந்திருக்கும். அதுக்காக ஓட்டல்காரரைத் திட்ட மாட்டேன். அந்த இடத்துக்கு வாடகை, கரண்டு, ஆளு சம்பளம்னு அவருக்கு என்ன கணக்கோ. ஆனா ஒண்ணு கவனிச்சேன். கை கழுவற இடத்துக்குப் பக்கத்துல ஒரு கதவு இருந்துச்சு. அதுல "ஊழியர்கள் மட்டும்"னு எழுதியிருந்துச்சு. அப்ப அதை நான் படிச்சேன், அவ்வளவுதான். அதோட அர்த்தம் சாயங்காலம்தான் புரிஞ்சுது.

மதியம் வெயில் ஏறிடுச்சு. ஒரு அம்மா உணவகத்துல சாப்பிட்டோம். 2013-ல ஆரம்பிச்சது. இட்லி ஒரு ரூபா, சாம்பார் சாதம் அஞ்சு ரூபா, தயிர் சாதம் மூணு ரூபான்னு கேள்விப்பட்டிருந்தேன், நேர்ல அன்னைக்குத்தான் பாத்தேன். பெயிண்ட் அடிக்கிறவங்க, மூட்டை தூக்கறவங்க, பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்த வெளியூர்க்காரங்கன்னு வரிசை. தயிர் சாதம் நல்லா இருந்துச்சு. அங்கயும் நின்னுதான் சாப்பிடணும். அம்மா வெளியில ஒரு திண்டுல உக்காந்து சாப்பிட்டுச்சு, யாரும் ஒண்ணும் சொல்லல. நூத்துப் பத்து ரூபா சாப்பாட்டையும் மூணு ரூபா சாப்பாட்டையும் ஒரே நாள்ல ஒரே ஊர்ல சாப்பிட்ட எனக்கு, மூணு ரூபா சாப்பாட்டுலதான் கூச்சம் இல்லாம இருந்துச்சு.

அங்க மகள் தண்ணி பாட்டிலை நீட்டுச்சு. அம்மா உதட்டை மட்டும் நனைச்சுட்டுத் திருப்பிக் குடுத்துருச்சு. அதையும் பாத்தேன். பாத்தும் ஒண்ணும் தோணல.

அப்புறம் மெட்ரோ. இது மகளோட ஆசை. எழும்பூர்ல ஏறி, சென்ட்ரல்ல மாறி, அரசினர் தோட்டத்துல இறங்கினோம். பூமிக்கு அடியில அவ்வளவு சுத்தமா, குளுகுளுன்னு. எங்க கிணறு எழுபதடி. அதைவிட ஆழத்துல ரயில் ஓடுமோன்னு அம்மாவுக்குச் சந்தேகம். நகரும் படிக்கட்டுக்கு முன்னால வந்து நின்னுடுச்சு. பின்னால வரிசை சேருது. எனக்கு வெக்கமா போயிடுச்சு. ஆபீஸ் போற பொண்ணு ஒண்ணு, பேகை முதுகுல தள்ளிக்கிட்டு, "பாட்டி என் கையைப் புடிச்சுக்கோங்க, ஒண்ணு ரெண்டு மூணு சொல்றேன், கால் வையுங்க" அப்படின்னு கூட்டிக்கிட்டு இறங்குச்சு. அம்மா கீழ போற வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டே போச்சு. புரை எடுத்த கண்ணு!

அரசினர் தோட்டத்துல இருந்து கடற்கரைக்கு ஆட்டோ கேட்டேன். ரெண்டு கிலோமீட்டர் இருக்கும். இருநூறு ரூபா கேட்டாரு. எங்க ஊர்ல இதைச் சொன்னா, "பாத்தியா, சென்னை ஆட்டோக்காரன்" அப்படிம்பாங்க. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அரசாங்கம் 2013-ல நிர்ணயிச்ச மீட்டர் கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபா, அப்புறம் கிலோமீட்டருக்கு 12 ரூபா. அன்னைக்கு இருந்த பெட்ரோல் விலை என்ன, இன்னைக்கு என்ன? அந்தக் கணக்குல வண்டி ஓட்டினா கட்டுப்படி ஆகாது. கட்டுப்படி ஆகாத விலையை எழுதி வச்சா, எழுதின விலைக்கும் வாங்கற விலைக்கும் சம்பந்தம் இல்லாமப் போயிடும். விளைவிச்சவன் இல்லாம வேற யாரோ விலை வைக்கிற கொடுமையில வாழறவன் நான். அவரு நிலைமை எனக்குப் புரியுது. அதே நேரத்துல வழி தெரியாத வெளியூர்க்காரன்னு தெரிஞ்சதும் ஏழு மடங்குக்கு மேல கேக்கறதும் நியாயம் இல்ல. பேசி நூறு ரூபாய்க்குப் போனோம்.

மெரினாவுல 2022 நவம்பர்ல மாற்றுத்திறனாளிகளுக்காக மணல் மேல ஒரு மரப்பாதை போட்டிருக்காங்க. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிர்ப்பக்கம். சர்வீஸ் ரோட்டுல இருந்து கிட்டத்தட்ட தண்ணி வரைக்கும் போகுது. இதைச் செஞ்சவங்களுக்குக் கோடி புண்ணியம். வைகாசி வெயில்ல அந்த மணல்ல எங்க அம்மா நடந்திருக்கவே முடியாது. கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு மெதுவா நடந்து, கடைசியில போயி நின்னு, கடலைப் பாத்துச்சு. நானும் மகளும் அது முகத்தைத்தான் பாத்தோம்.

ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "இம்புட்டுத் தண்ணி, ஒரு காணிக்குப் பாயுமாடா?" அப்படின்னுச்சு. மானாவாரியில பொழச்ச பொம்பளை. வேற என்ன கேக்கும்?

அலையில கால் நனைக்கப் போன இடத்துலதான் அம்மாவுக்குத் தள்ளாடுச்சு. கண்ணு இருட்டிக்கிட்டு வருதுன்னு மணல்ல உக்காந்துடுச்சு. நான் பதறிப்போயி பாட்டிலைத் தொறந்து குடுத்தா, வேணாம் வேணாம்னு கையால தள்ளுது. அப்பத்தான் மகள் அழுகிற மாதிரி சொல்லுச்சு:

"அப்பாயி காலையில இருந்து தண்ணியே குடிக்கலப்பா. குடிச்சா எங்க போறதுன்னு சொல்லுது. நானும் குடிக்கல."

மணி அஞ்சே முக்கால். வீட்டை விட்டுக் கிளம்பினது எட்டுக்கு முன்ன. பத்து மணி நேரம், வைகாசி வெயில்ல, எழுபத்திரண்டு வயசுப் பொம்பளையும் பதிமூணு வயசுப் பொண்ணும் தண்ணி குடிக்காம என் பின்னாலயே நடந்திருக்காங்க. நான் ஓட்டல்ல ஒரு தடவை, ரோட்டோரமா ரெண்டு தடவை டீ குடிச்சேன். நடுவுல, ஒரு தடவை சுவரோரமா ஒதுங்கிட்டும் வந்தேன். வெக்கப்பட வேண்டிய விஷயம், ஆனா நடந்தது அதுதான். அதனால மறைக்கல.

எந்திரிச்சுத் தேடினேன். ஒரு பொதுக் கழிப்பறையில பூட்டுத் தொங்குச்சு. இன்னொண்ணு தொறந்திருந்துச்சு, உள்ள தண்ணி வரல, எட்டிப் பாத்த மகள் மூக்கைப் புடிச்சுக்கிட்டு வெளிய வந்துருச்சு. ஒரு கடையில கேட்டேன், இங்க இல்லைன்னாரு.

பக்கத்துல மீன் வறுத்து வித்துக்கிட்டு இருந்த ஒரு அம்மா எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருந்திருக்கு. "இன்னா ஆயா, ஊர்ல இருந்து வந்தியா? வா, எங்க வூடு கிட்டக்கதான்" அப்படின்னு அடுப்பைத் தணிச்சுட்டு, மகன்கிட்ட கடையைப் பாத்துக்கச் சொல்லிட்டு, ரெண்டு பேரையும் பக்கத்துக் குப்பத்துல இருந்த வீட்டுக்கே கூட்டிட்டுப் போச்சு. திரும்பி வந்தப்ப அம்மா கையில ஒரு சொம்பு. மோர். பணம் குடுத்தா வாங்க மாட்டேன்னுடுச்சு. "நாங்க தெனம் படறதுதான இது" அப்படின்னுச்சு. ரெண்டு தட்டு மீன் வாங்கினோம். அதுக்கும் ஒரு துண்டு சேத்து வச்சுது.

ஊருக்கு வந்து நாலு நாள் அம்மாவுக்கு நீர்க்கடுப்பு. வெந்தயமும் மோரும் குடுத்துப் பாத்துட்டு, அப்புறம் ஊசி போட்டுத்தான் நின்னுச்சு.

இதுதான் நான் சொல்ல வந்தது. ஒரு பெரிய ஊர் வர்றவங்களை எப்படி நடத்துதுன்னு அளக்க, எத்தனை கோபுரம் இருக்கு, எத்தனை மால் இருக்குன்னு எண்ண வேண்டியதில்ல. வந்த பொம்பளைங்க அன்னைக்கு எத்தனை டம்ளர் தண்ணி குடிச்சாங்கன்னு கேட்டா போதும். சுத்திப் பாக்க வேண்டிய இடம், சாப்பிட வேண்டிய கடைன்னு பட்டியல் போட ஆயிரம் பேரு இருக்காங்க. எங்க ஒதுங்கலாம், எங்க உக்காரலாம், எங்க குடிதண்ணி கிடைக்கும்னு எழுதற ஆளை நான் இதுவரைக்கும் பாக்கல. ஆம்பளைங்க எழுதறதால இருக்கும். நானும் ஆம்பளைதான், என் பொண்ணு சொல்லாம இருந்தா நானும் இந்தப் பதிவுல ஊத்தப்பத்தோட நிறுத்தியிருப்பேன்.

இன்னொரு பக்கமும் இருக்கு. ஊருக்கு வந்தப்புறம் தங்கச்சிகிட்ட போன்ல சொன்னேன். "ஏண்ணே, மெட்ரோ ஸ்டேஷனுக்குள்ளயே பாத்ரூம் இருக்குமே, சுத்தமா இருக்குமே, கேக்கலையா?" அப்படின்னு கேட்டுச்சு. இருந்திருக்கு. அம்பு போட்டு, ஒரு பொம்மை படமும் போட்டு. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, அந்தப் பொம்மையும் தெரியாது. மகளுக்குத் தெரியும், ஆனா அப்பன்கிட்ட கேக்கக் கூச்சம். எனக்கு அந்த நெனப்பே இல்ல. ஆக, கட்டி வச்சா மட்டும் பத்தாது. அது அங்க இருக்குன்னு வாயால ஒருத்தர் சொல்லணும். எங்க ஊர் ஆளுங்க எதையும் படிச்சுத் தெரிஞ்சுக்கறதைவிடக் கேட்டுத் தெரிஞ்சுக்கறவங்க. ஆனா இந்த ஒரு விஷயத்தை மட்டும் கேக்கவும் மாட்டாங்க.

அதனாலதான் சனிக்கிழமை வேற மாதிரி செஞ்சேன். வண்டலூர் பூங்கா கிளாம்பாக்கத்துக்குப் பக்கத்துலயே இருக்கறதால பஸ் ஏறப்போற நாளை அதுக்கு வச்சது நல்லதாப் போச்சு. 1985-ல திறந்தது, 602 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய ஆயிரத்தி ஐநூறு ஏக்கர். டிக்கெட் வாங்கின உடனே நான் கேட்ட முதல் கேள்வி, "பொம்பளைங்களுக்குப் பாத்ரூம் எங்கெங்க இருக்கு?" அங்க நின்ன பணியாளர் கையைக் காட்டி வரிசையாச் சொன்னாரு. அதை அம்மா காதுல விழற மாதிரி திருப்பிச் சொன்னேன். பேட்டரி வண்டியில ஏறினோம். அன்னைக்கு அம்மா ரெண்டு பாட்டில் தண்ணி குடிச்சுச்சு, ஒரு ஐஸ்கிரீமும் தின்னுச்சு. சிங்கத்தைப் பாத்ததைவிட, வெள்ளைப் புலியைப் பாத்ததைவிட, அதுதான் எனக்குப் பெரிய காட்சி. ஒரே ஒரு கேள்வி வாயைத் தொறந்து கேட்டதுல வந்த வித்தியாசம்.

உங்ககிட்ட நான் கேக்கறது பெரிய காரியம் ஒண்ணும் இல்ல. ஊர்ல இருந்து பெரியவங்க வந்தா, "கார் புக் பண்ணித் தர்றேன், போயிட்டு வாங்க" அப்படின்னு அனுப்பாம, அரை நாள் கூடப் போங்க. முடியலைன்னா உங்க வீட்டுப் பொம்பளைங்க யாராவது, அவங்க வீட்டுப் பொம்பளைங்ககிட்ட, போற வழியில எங்கெங்க வசதி இருக்குன்னு தனியாச் சொல்லி அனுப்பட்டும். ஓட்டல் வச்சிருக்கவங்க யாராவது இதைப் படிச்சா, "ஊழியர்கள் மட்டும்"ங்கிற பலகையைக் கழட்டிட்டு, "பெண்கள் கழிப்பறை இங்கே இருக்கிறது"ன்னு பெருசா எழுதி வைங்க. சாப்பிட வர்றவங்க உங்களை வாழ்த்திட்டுப் போவாங்க. மாநகராட்சியில வேலை பாக்கறவங்க இருந்தா, புதுசா ஒண்ணு கட்டறதுக்கு முன்னால, கட்டினதோட சாவி யார்கிட்ட இருக்குன்னு பாருங்க. தண்ணித் தொட்டி நிரம்புதான்னு பாருங்க. ஆம்பளைங்க, நான் உட்பட, கூட வர்ற பொம்பளைங்க கேக்கட்டும்னு காத்திருக்காம நாமளே போயி விசாரிக்கணும். அவங்க கேக்க மாட்டாங்க.

இப்ப என் குறைக்கு வர்றேன்.

போன வருஷம் தையில, இதைப் படிக்கிற ஒரு குடும்பம் சென்னையில இருந்து எங்க காட்டைப் பாக்க வந்திருந்தாங்க. அண்ணன், அவரு வீட்டம்மா, காலேஜ் படிக்கிற பொண்ணு. வெங்காயப் பட்டறையைக் காட்டினேன், கிணத்தைக் காட்டினேன், கம்பங்கூழ் குடுத்தேன், இளநீர் வெட்டினேன். ஆளுக்கு ரெண்டு வெட்டினேன். அந்த அக்காவும் பொண்ணும் பாதி குடிச்சுட்டு, "போதுங்க, வேணாங்க" அப்படின்னு வச்சுட்டாங்க. டவுன்காரங்களுக்கு வயிறு சின்னதுன்னு நான் வீட்டுல வந்து கேலி பண்ணினேன். அவங்க திரும்பிப் போயி எங்க ஊரைப் பத்தி அவ்வளவு உயர்வா எழுதினாங்க. காத்து, மண்ணு, மனுசங்கன்னு. அதைப் படிச்சு ஒரு வாரம் பெருமையாத் திரிஞ்சேன்.

காட்டுல இருந்து என் வீடு ஒண்ணரை கிலோமீட்டர். காட்டுல மோட்டார் கொட்டாயைத் தவிர ஒரு மறைவு கிடையாது. எங்க ஊர் பஸ் ஸ்டாப்புலயும் ஒண்ணும் கிடையாது. காலையில பத்து மணிக்கு வந்தவங்க சாயங்காலம் நாலு மணிக்குத்தான் கிளம்பினாங்க. அந்த ரெண்டாவது இளநீர் ஏன் அப்படியே இருந்துச்சுன்னு மெரினா மணல்ல வச்சுத்தான் எனக்குப் புரிஞ்சுது. காட்டு வேலைக்கு வர்ற பொம்பளைங்க இருபது வருஷமா என்ன பண்றாங்கன்னும் அன்னைக்குத்தான் யோசிச்சேன். அவங்களும் வெயில்ல வெங்காயம் நடறப்ப, "தண்ணி வேணாண்ணே" அப்படிம்பாங்க. தாகம் எடுக்காத ஆளுங்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

ஊருக்கு வந்த மறுவாரம் மோட்டார் கொட்டாய்க்குப் பின்னால, கிணத்துல இருந்து தள்ளி, ரெண்டு குழி எடுக்க ஆள் விட்டேன். இரட்டைக் குழிக் கழிப்பறை. ஒண்ணு நிரம்பினா அடைச்சுட்டு அடுத்ததுக்குத் திருப்பிக்கலாம், மூடின குழி மக்கி எருவாயிடும். செங்கல் இறக்கியாச்சு. மோட்டார்ல இருந்து ஒரு பைப்பு இழுத்து விட்டா தண்ணிக்குக் கவலை இல்ல. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் நல்லதா வேணும்னு மகள் சொல்லியிருக்கு. சாவி கொட்டாய் வாசல்லயே ஆணியில தொங்கும்.

ஆடிப்பட்டம் நடவுக்குள்ள முடிச்சுடணும்னு வேலை நடக்குது. அந்த அண்ணன் குடும்பம் இதைப் படிச்சா, மறுபடியும் ஒரு தடவை வாங்க. இந்தத் தடவை ரெண்டாவது இளநீரையும் குடிச்சுட்டுப் போங்க.